கொடி ஏன் கைகாட்டியது?

காஞ்சிபுரம் அருகே ஏனாத்தூர் வீட்டுத் தறியில் அப்பா கோர்வைப் புடவை நெய்வார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் பிணையும் இடத்தில்தான் புடவையின் உயிர் என்பார். தமிழாசிரியையாக 30 ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்குக் கதையும் அப்படித்தான் தெரிகிறது; அங்கே பிணைப்பது அணி.

அணி பற்றிய பேச்சு இந்த மண்ணுக்குப் பழையது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன், பல்லவர் காஞ்சியோடு தொடர்புடைய தண்டி வடமொழியில் காவியாதர்சம் எழுதினார். அதைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் தமிழில் தண்டியலங்காரம் வந்தது. அது சொல்லும் பொருளணிகள் 35. அவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது தற்குறிப்பேற்றம்: இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுவது.

மதுரை மதில்மேல் காற்றில் கொடி அசைகிறது. வராதே என்று அது கைகாட்டித் தடுப்பதாகச் சிலப்பதிகாரத்தில் இளங்கோ சொல்கிறார். காப்பிய நாயகன் கோவலனோ, ஆடல்மகள் மாதவியிடம் பொருளைத் தொலைத்த வெட்கத்தோடு, மனைவியின் சிலம்பை விற்று மறுபடி வாழும் ஆசையில் நடக்கிறான். அந்தக் குறிப்பு அவனுக்கு எட்டவில்லை, நமக்கு எட்டுகிறது. அவன் ஆசையையும் ஊழையும் அந்த ஓர் அணி கோர்த்துவிடுகிறது.

அதனால்தான் வகுப்பில் அணியின் பெயரைக் கேட்கும் முன், அவன் ஏன் நடந்தான் என்று பிள்ளைகளைக் கேட்பேன்.