மேசையும் பட்டறையும்

கெலாங் பாத்தாவிலிருந்து இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் பாட்டி சொன்னது ஞாபகம் வரும்: "ஜப்பான்காரன் நம்ம கரையிலேருந்துதான்டா படகு ஏறிப் போனான்." 1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, ஜொகூர் பாலத்துக்கு மேற்கே அவர்கள் நீரிணையைக் கடந்தார்கள். ஏழே நாளில், 15ஆம் தேதி, புக்கிட் தீமாவில் ஒரு கார் தொழிற்சாலையில் வைத்து பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தார்.

அந்தத் தொழிற்சாலையைப் போன மாதம்தான் போய்ப் பார்த்தேன். பிரெஞ்சுப் பொறியாளர் எமில் பிரிசே வடிவமைத்து, 1941 அக்டோபரில் முடிந்த கட்டடம். தென்கிழக்காசியாவில் ஃபோர்டின் முதல் கார் பூட்டும் ஆலை. அலங்காரத்தைக் குறைத்து நேர்கோடுகளை நம்பும் ஆர்ட் டெக்கோ முகப்பு. ஆனால் சீக்கிரமே போர் வந்துவிட்டது. முதலில் பிரிட்டிஷ் விமானப்படையின் விமானங்களை அங்கே பூட்டினார்கள். ஜப்பானியர் காலத்தில் நிசான் அங்கே ராணுவ லாரிகளைப் பூட்டியது. போர் முடிந்ததும் ஃபோர்டு திரும்பி வந்தது. 1980இல் ஆலையை மூடியது.

பிறகு பின்பக்கப் பட்டறையை இடித்துவிட்டார்கள். மிஞ்சிய முகப்பு 2006இல் தேசிய நினைவுச்சின்னமாகி, அருங்காட்சியகமும் ஆனது. 2017இல் அதற்கு 'சியோனான் காட்சிக்கூடம்' என்று ஜப்பானியர் வைத்த பெயரையே சூட்டப்போய், மக்கள் கொதித்ததில் இரண்டே நாளில் மாற்றினார்கள். பெயர் அந்த அளவுக்குச் சுட்டது.

எனக்கு உறுத்தியது வேறு. சரணடைந்த அறையில் இருக்கும் மேசை நகல்தான். அசல் கன்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. தளபதிகள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்த மேசைக்கு நகல்கூட உண்டு. தொழிலாளிகள் முப்பது வருஷத்துக்கு மேல் கார் பூட்டிய பட்டறைக்கு ஒன்றுமில்லை. பொறியாளனாகச் சொல்கிறேன், ஆலையின் உயிர் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. முன்பக்கம் வெறும் ஆபீஸ்.

அந்த மேசையில் போட்ட கையெழுத்து எங்கள் தோட்டம் வரைக்கும் வந்தது. பாட்டியின் அண்ணனைச் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. அவர் வேலை செய்த ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகை இன்னமும் நிற்கிறது. சுற்றிலும் வீடமைப்புத் திட்டங்கள் நெருங்கிவிட்டன. எந்தத் தளபதியும் அங்கே உட்காரவில்லை என்பதால் அதைக் காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு போகிறேன். கூரையை இறக்குவதற்குள் ஒரு வரைபடமாவது போட்டு வைக்கணும்.