வால்வை எடுத்துவிட்ட வைத்தியர்

1846இல் பொஸ்டன் நகரில், ஈதர் ஆவியைச் சுவாசிக்க வைத்து ஒருவருக்கு வலியில்லாமல் சத்திரசிகிச்சை செய்து காட்டினார்கள். மயக்கமருந்தின் வரலாறு அங்கிருந்துதான் வழக்கமாகத் தொடங்கும். ஆனால் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு அது மட்டும் போதவில்லை. சத்திரசிகிச்சை நடக்கும் இடமே வாய் என்றால், மயக்கம் கொடுக்கும் முகமூடியை எங்கே வைப்பது?

மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தலாம். ஆனால் அன்றைய கருவிகள் பெரியவர்களுக்கானவை. ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வுகளைத் தள்ளித் திறக்க வேண்டும். பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்கு அவ்வளவு பலம் ஏது?

இங்கிலாந்தின் நியூகாசிலில் வேலை செய்த பிலிப் அயர், 1937இல் வால்வுகளையே எடுத்துவிட்டார். அவர் அறிமுகப்படுத்தியது ஆங்கில எழுத்து 'ரி' போன்ற ஒரு சிறு குழாய். ஒரு கிளையால் மருந்து கலந்த வாயு வரும். இன்னொன்று குழந்தையின் மூச்சுக்குழாயோடு சேரும். மூன்றாவது காற்றுக்குத் திறந்திருக்கும். அவ்வளவுதான். அயரும் பிளந்த உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவர் என்பதை அறிந்தால், அந்தச் சிறு குழாயை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

1950இல் லிவர்பூலின் ஜக்சன் ரீஸ், திறந்த கிளையில் வாய் திறந்த ஒரு பையைச் சேர்த்தார். பை அசைவதைப் பார்த்து மூச்சைக் கவனிக்கலாம். அதை அமுக்கி மூச்சுக் கொடுக்கவும் முடியும். இந்தியாவிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சில குழந்தைகளுக்குக் குழாயை உள்ளே செலுத்துவதே கடினம். ஜெனீவாவின் கண் வைத்தியர் பிரான்செஸ்கெட்டியும் டேவிட் கிளைனும் 1949இல் விவரித்த அரிய பிறவி நிலையில் கீழ்த்தாடை மிகச் சிறியது. ட்ரீச்சர் கொலின்ஸ் என்றும் அதற்குப் பெயர். மயங்கியதும் நாக்கு பின்னால் சரிந்து பாதையை அடைக்கலாம். வைத்தியரின் கண்ணுக்குக் குரல்வளை தெரியாமலே போகலாம். வளைந்து செல்லும் ஒளியிழைக் கருவியும், 1980களில் ஆர்ச்சி பிரெயின் உருவாக்கிய, குரல்வளை வாயிலில் அமரும் முகமூடியும் இங்கே உதவுகின்றன.

கருவிகள் வந்தாலும் முன்கூட்டித் தெரிந்திருப்பதே பெரிய பாதுகாப்பு. அதனால்தான் மயக்கமருந்து வைத்தியர் அத்தனை கேள்வி கேட்கிறார்: தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா? முன்பு மயக்கம் கொடுத்தபோது சிரமம் வந்ததா? அம்மா அப்பாவுக்கு அந்தக் கேள்விகள் புரியாவிட்டால், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தலையாட்டிவிட்டு வரவேண்டாம்.