நாய்களில் மலவாய் அரிப்பு

நாய் உட்கார்ந்தபடியே பின்பகுதியைத் தரையில் தேய்த்து நகர்வது, மலவாயை ஓயாமல் நக்குவது, வாலடியைத் திரும்பித் திரும்பிக் கடிப்பது ஆகியவை மலவாய் அரிப்பின் அடையாளங்கள். இது தனி நோய் அன்று, பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. தமிழ்நாட்டு வீடுகளில் நாய் தரையைத் தேய்த்த உடனே "வயிற்றில் பூச்சி" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மருந்துக்கடையிலிருந்து ஒரு மாத்திரை வருகிறது. நகரங்களில் நாய்க்கு முடி திருத்தும் நிலையங்கள் மாதந்தோறும் பின்பக்கத்தைப் பிதுக்கி அனுப்புகின்றன. இரண்டும் சில நாய்களுக்குப் பொருந்தும். காரணத்தைத் தேடாமல் இவற்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் அரிப்பு ஆண்டுக்கணக்கில் நீள வழிசெய்கிறது.

அரிக்கும் இடம்

மருத்துவர் முதலில் கேட்பது, நாய் சரியாக எந்த இடத்தைக் கடிக்கிறது என்பதையே. மலவாயை மட்டும் நக்கினால் குதப்பைகள் மீது சந்தேகம் விழும். வாலடி, இடுப்பின் மேற்பகுதி, பின்தொடை ஆகிய மூன்றிலும் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் தெள்ளுப்பூச்சி. மலவாயோடு காதுகளும் பாதங்களும் சேர்ந்து அரித்தால் ஒவ்வாமை. வயதும் கணக்கில் வரும்: இளம் நாயில் தொடங்கிய அரிப்பும் பத்து வயதில் புதிதாகத் தொடங்கிய அரிப்பும் வேறு வேறு திசைகளைக் காட்டுகின்றன. மலம் இளகிப் போகிறதா, ஆண்டு முழுக்க அரிக்கிறதா, சில மாதங்களில் மட்டுமா என்பவை அடுத்த கேள்விகள்.

குதப்பைகள்

மலவாயின் இருபுறமும், கடிகார முகப்பில் நான்கு மணியும் எட்டு மணியும் இருக்கும் இடங்களில், தோலுக்கு அடியில் இரண்டு சிறிய பைகள் உண்டு. உள் சுருக்குத்தசைக்கும் வெளிச் சுருக்குத்தசைக்கும் நடுவே இவை அமைந்துள்ளன. பையின் சுவரிலுள்ள சுரப்பிகள் கருவாட்டு நாற்றமடிக்கும் ஒரு திரவத்தைச் சுரக்கின்றன. நாய் வளர்ப்போர் பேச்சில் இந்தப் பைதான் 'ஏனல் கிளாண்ட்'. கெட்டியான மலம் வெளியேறும்போது தசைகளின் அழுத்தத்தால் பை காலியாகி, திரவம் மெல்லிய குழாய் வழியாக மலத்தின் மேல் படிகிறது. ஒரு நாய் இன்னொன்றின் பின்புறத்தை முகர்ந்து அடையாளம் காண்பதில் இந்த வாசனைக்குப் பங்குண்டு. மிரண்டுபோன நாய் பையை ஒரேயடியாகப் பீய்ச்சிவிடுவதும் உண்டு. அது நோய் அல்ல.

மலம் தொடர்ந்து இளகலாக இருந்தாலோ, உடல் பருத்திருந்தாலோ, ஒவ்வாமையால் குழாயின் வாய் வீங்கியிருந்தாலோ பை சரியாகக் காலியாவதில்லை. திரவம் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்கிறது. நாய் தரையில் தேய்ப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில். கவனிக்காமல் விட்டால் பை அழற்சியுற்று, கிருமி பெருகி, சீழ் கட்டும். மலவாய்க்குப் பக்கத்தில் ஒருபுறம் மட்டும் சிவந்து வீங்கி, தொட்டால் நாய் கத்தி, ஓரிரு நாளில் தோல் வெடித்து இரத்தமும் சீழும் வருவது இதன் முற்றிய நிலை. வெடித்த புண்ணைப் பார்த்த வீட்டார், வேறு நாய் கடித்துவிட்டது என்றே மருத்துவரிடம் கொண்டுவருவது சாதாரணம்.

பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் மருத்துவரிடம் பதிவான நாய்களில் ஓராண்டில் ஏறத்தாழ 4.4 விழுக்காட்டுக்குப் புற்றுநோய் அல்லாத குதப்பைக் கோளாறு கண்டறியப்பட்டது. ஸ்பேனியல் வகைகளும் ஷிட்சு போன்ற சிறிய இனங்களும் பட்டியலில் முன்னால் நின்றன.

மருத்துவர் கையுறை அணிந்து, ஆள்காட்டி விரலை மலவாய்க்குள் செலுத்தி, பெருவிரலை வெளியே வைத்துப் பையைத் தடவிப் பார்ப்பார். அடைப்பை எடுப்பதும் இந்த முறையில்தான். வெளியிலிருந்து மட்டும் பிதுக்கினால் பை முழுதாகக் காலியாகாது. முரட்டுத்தனமாகச் செய்தால் திசு கன்றிப்போய் அடுத்த அடைப்புக்கு அதுவே வழி. தொந்தரவே இல்லாத நாய்க்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாதாமாதம் பிதுக்குவது தேவையற்ற வேலை. வெளிவந்த திரவத்தின் நிறத்தை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிடவும் முடியாது. நலமான நாய்களிலேயே அது மஞ்சள் முதல் பழுப்பு வரை, நீர்த்ததிலிருந்து குழைந்தது வரை மாறுபடும்.

சீழ் கட்டியிருந்தால் கழுவி வெளியேற்றி, வலிநிவாரணியும் தேவைக்கேற்ப எதிருயிரி மருந்தும் தரப்படும். அடைப்பு மீண்டும் மீண்டும் வந்தால் பையோடு நிறுத்தாமல் உணவையும் ஒவ்வாமையையும் ஆராய வேண்டும். வேகவைத்த பரங்கிக்காய், இசப்கோல் போன்ற நார்ப்பொருள் மலத்தைத் திரட்டிச் சில நாய்களுக்கு உதவுகிறது. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். பைகளை அறுவை சிகிச்சையால் அகற்றுவது கடைசி வழி. அருகிலுள்ள நரம்பு பாதிக்கப்பட்டால் மலத்தை அடக்கும் திறன் போய்விடக்கூடும் என்பதால் அனுபவமுள்ள கைகளே இதைச் செய்ய வேண்டும்.

தெள்ளுப்பூச்சியும் நாடாப்புழுவும்

நாய்களைத் தாக்கும் தெள்ளுகளில் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது, பெயரளவில் பூனைத்தெள்ளு எனப்படும் டெனோசெபாலைடிஸ் பெலிஸ். அதன் உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்குச் சில கடிகளே போதும், வாலடியைப் புண்ணாகும்வரை கடித்துக்கொள்ளும். அப்படிக் கடித்தே பூச்சிகளை விழுங்கிவிடுவதால் உடம்பில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாலடி முடியை வாரி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மண் கரையாமல் கருப்பாகவே நிற்கும். தெள்ளின் கழிவு, செரித்த இரத்தம் என்பதால், செம்பழுப்பாகக் கசியும்.

மலவாயை அரிக்கச் செய்யும் புழு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இந்தத் தெள்ளு சுமந்துவரும் நாடாப்புழு, டிபிலிடியம் கேனைனம். புழுவின் முட்டையைத் தெள்ளின் குஞ்சுப்புழு தின்கிறது. வளர்ந்த தெள்ளை நாய் விழுங்குகிறது. குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் கணுக்கள் துண்டு துண்டாகக் கழன்று மலவாய் வழியே ஊர்ந்து வருகின்றன. ஊர்வதுதான் அரிப்பு. புதிய துண்டு வெண்மையாக நெளியும். வால் முடியில் ஒட்டிக் காய்ந்தது அரிசி மணி போலிருக்கும். முட்டைகள் துண்டுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் மலப் பரிசோதனையில் அகப்படாமல் போவது உண்டு; வீட்டாரின் கண்தான் நல்ல கருவி.

இதற்குப் பிரசிகுவான்டல் என்னும் மருந்து வேண்டும். பைரன்டல் மட்டும் கொண்ட மாத்திரை உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் நீக்கும், நாடாப்புழுவைத் தொடாது. பூச்சி மாத்திரை கொடுத்தும் அரிப்பு நிற்கவில்லை என்ற புகாருக்கு இது ஒரு காரணம். சரியான மருந்து கொடுத்தும் தெள்ளை ஒழிக்காவிட்டால் சில வாரங்களில் புழு திரும்பிவிடும். வளர்ந்த தெள்ளுதான் நாய்மேல் வாழ்கிறது. முட்டையும் குஞ்சுப்புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் கால்மிதியிலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன. நாய்க்கு மருந்து, படுக்கைக்கு வெந்நீர், வீட்டிலுள்ள மற்ற நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை என்று மூன்றும் நடக்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு.

குழந்தைகளுக்கு இரவில் ஆசனவாய் அரிக்கச் செய்யும் கீரிப்பூச்சி நாயிடமிருந்து வருவதில்லை. அது மனிதரிடையே மட்டும் பரவுவது. வீட்டு நாய் இந்த வழக்கில் நிரபராதி.

ஒவ்வாமை

பையும் சுத்தம், தெள்ளும் இல்லை, அரிப்பு மட்டும் நிற்கவில்லை என்ற நாய்களில் பெரும்பகுதி இங்கே வந்து சேரும். வீட்டுத் தூசியிலுள்ள நுண்சிலந்தி, மகரந்தம் போன்றவற்றால் வரும் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். உணவு ஒவ்வாமை எந்த வயதிலும் வரலாம். மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை ஆகியவை நாய்களில் அதிகம் பதிவான உணவுக் காரணங்கள். நம் வீட்டு நாயின் தட்டில் தயிர்ச்சோறும் கோழியும் பிஸ்கட்டும் நாள்தோறும் விழுவதால் எது குற்றவாளி என்று ஊகித்துச் சொல்ல இயலாது.

இரத்தம், முடி, எச்சில் ஆகியவற்றில் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாக விற்கப்படும் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. நம்பகமான வழி, நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதத்தையும் ஒரு மாவுப்பொருளையும், அல்லது புரதம் பகுக்கப்பட்ட மருத்துவ உணவை, ஏறத்தாழ எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. அரிப்பு தணிந்தபின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீள்கிறதா என்று பார்த்தால்தான் கணக்கு முடியும். இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் தாத்தாவின் கையிலிருந்து நழுவும் ஒரு பிஸ்கட்டால்தான். ஒவ்வாமையால் புண்பட்ட தோலில் மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகினால் தோல் கறுத்துத் தடித்து, எண்ணெய்ப் பிசுக்கும் புளித்த நாற்றமும் சேரும்.

கட்டியும் புண்ணும்

ஆண்மை நீக்கப்படாத வயதான ஆண் நாய்க்கு மலவாயைச் சுற்றி வரும் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. ஆண்மை நீக்கினால் பல கட்டிகள் சுருங்கும். குதப்பைச் சுரப்பியின் புற்று வேறு வகை. வெளியே ஒன்றும் தெரியாமல் விரல் பரிசோதனையில் மட்டும் அகப்படலாம். சில நாய்களில் இது இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடுவதால், நாய் வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கும். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் மலவாயைச் சுற்றித் துளைத்துளையாகச் சீழ்ப்புண் வரும் நோய் உண்டு. அதைச் சைக்ளோஸ்போரின் போன்ற நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளால் கட்டுப்படுத்துகிறார்கள்.

தெருநாய்களில் வாலடியில் அப்பியிருக்கும் உண்ணி, ஈ முட்டையிட்டுப் புழுவைத்த புண், இனச்சேர்க்கையால் பரவும் கட்டி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நீண்ட முடியுள்ள இனங்களில் மலம் ஒட்டிச் சடையாகிக் கிடப்பதே முழுக் காரணமாக இருந்துவிடுவதும் உண்டு. அதற்குக் கத்தரிக்கோல் போதும்.

வீட்டு வைத்தியம்

மண்ணெண்ணெய், நீர்க்காத கிருமிநாசினி, டீ ட்ரீ எண்ணெய் ஆகியவற்றைப் புண்மேல் தடவக் கூடாது. தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளே நஞ்சாகும். குழந்தைகளுக்குத் தடவும் துத்தநாகக் களிம்பை நாய் நக்கி விழுங்குவதும் ஆபத்து. மனிதருக்கான ஸ்டீராய்டு களிம்பு இரண்டு நாள் அரிப்பை அடக்கி, மருத்துவர் பார்க்க வேண்டிய தடயத்தை அழித்துவிடும். வெதுவெதுப்பான நீரால் கழுவி, துடைத்து, நக்காமலிருக்கக் கழுத்துப்பட்டைக் கூம்பு மாட்டுவது வரை வீட்டில் செய்யலாம். வீக்கம், இரத்தம், சீழ், மலம் கழிக்க முக்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போகும்போது அன்று காலை மலத்தை ஒரு டப்பாவிலும், இதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளைக் கையிலும் எடுத்துச் செல்லுங்கள். முதல்நாள் நாயைக் குளிப்பாட்ட வேண்டாம். தெள்ளின் கழிவும் புழுத் துண்டும் தண்ணீரோடு போய்விடும்.