ஜவ்வாது மலையில் விருந்துமுறை

ஜவ்வாது மலையில் விருந்துமுறை என்பது அம்மலை மக்களும் அங்கு வரும் புதியவர்களும் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையைக் குறிக்கும். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியுள்ள இம்மலையைச் சார்ந்த பகுதியில் இதற்குச் சங்க காலம் முதலே இலக்கியச் சான்று உண்டு. வந்தவரை ஏற்பது ஒரு பாதி; வந்தவர் இடமறிந்து நடப்பது மறுபாதி.

சங்க காலம்

மலையின் தென்புறமுள்ள செங்கம், நன்னன் சேய் நன்னன் ஆண்ட பழைய செங்கண்மா. அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர் எதிர்ப்பட்ட கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு இது. நன்னனை நாடிச் செல்கிறோம் என்று சொன்னாலே சிற்றூரில் சொந்த வீடுபோல் நுழையலாம். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். வழி தவறினால் கானவர் வந்து, உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, இடர்மிகுந்த பாதையில் முன்னே நடப்பர். இரவில் ஆட்டிடையரிடம் சென்றால் பாலும் தோல்படுக்கையும் உண்டு. நன்னனின் அரண்மனையில் பல நாள் தங்கினாலும் முதல்நாள் வரவேற்பு குறையாது.

விருந்தினருக்கும் கடமை உண்டு. மலைத்தெய்வத்தைக் கண்டால் தொழுது செல்ல வேண்டும். வாத்தியங்களை வீணே இசைக்கக் கூடாது. வீரரின் நடுகல்லைக் கண்டால் யாழிசைத்து வணங்க வேண்டும்.

நடுகற்கள்

இறந்தோருக்குச் செய்யும் மரியாதையைச் செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இன்றும் காட்டுகின்றன. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், வீரனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. இப்பகுதிக் கற்கள் பலவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது.

மரியாதையும் சமத்துவமும்

விருந்துமுறையின் அடிப்படையான மரியாதை, தமிழகச் சமவெளியில் நெடுங்காலம் சாதியோடு பிணைந்திருந்தது. தோள்துண்டை இறக்குவதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்வதும் ஒடுக்கப்பட்டோர்மீது பணிவு என்ற பெயரில் சுமத்தப்பட்டன. 1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் இதை எதிர்த்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஒருவரைத் தாழ்த்திப் பெறுவது மரியாதையாகாது என்பதே இக்கால நாகரிகத்தின் அடிப்படை.

இக்காலம்

மலையில் இன்று பெரும்பான்மையாக வாழ்வோர், தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடை விழா, பீமன் அருவி, காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் ஆகியவை வெளியூராரை ஈர்க்கின்றன. இதனால் விருந்துமுறையின் பெரும்பொறுப்பு இப்போது வருபவரிடம் உள்ளது. கேட்காமல் வீட்டையும் மனிதரையும் படமெடுப்பது, அருவிக்கரையில் கண்ணாடிப் புட்டிகளை உடைப்பது, தேனுக்கும் சாமைக்கும் அடிமாட்டு விலை கேட்பது, வயதில் மூத்தவரை ஒருமையில் அழைப்பது ஆகியவை அம்மக்களை அவமதிக்கும் செயல்கள். வானாய்வுக்கு இருள் தேவை. காவலூர்ப் பக்கம் இரவில் வீண்வெளிச்சம் தவிர்ப்பதும் நாகரிகமே. மலையேறும் ஒவ்வொருவரும் தம்மை அம்மக்களின் விருந்தினராகக் கருதி நடந்துகொள்ள வேண்டும்.