பூந்தமல்லியின் புறநகர்

முதலாண்டு மாணவர்களிடம் 'என் ஊர்' என்றொரு கட்டுரை எழுதச் சொல்வது என் வழக்கம். தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு இதைவிட எளிதாக மாணவரை அறிந்துகொள்ளும் வழி வேறில்லை. 2021ஆம் ஆண்டு, அம்பத்தூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் தாளில் தலைப்பை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டேன். "எங்க ஊருக்கு வரலாறுன்னு ஒண்ணும் இல்லைங்க சார். எல்லாம் கம்பெனிங்கதான்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னையின் வரலாறு என்று நம் கைக்குக் கிடைக்கும் நூல்களில் பெரும்பாலானவை 1639இல் ஒரு மணல்மேட்டில் தொடங்குகின்றன. கோட்டை எழும், வெள்ளையர் நகரமும் கறுப்பர் நகரமும் பிரியும், மயிலையும் திருவல்லிக்கேணியும் வந்து சேரும். மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று விரியும் நிலமோ கடைசி அத்தியாயத்தில், 'நகர விரிவாக்கம்' என்ற தலைப்பின்கீழ் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த 1639ஆம் ஆண்டின் சாசனத்தையே எடுத்துக்கொள்வோம். விஜயநகரப் பேரரசு தளர்ந்து ஒடுங்கிய அந்நாளில் இக்கடற்கரையை ஆண்டவர்கள் தாமர்லா நாயக்கர்கள். மூத்தவர் வேங்கடாத்ரி வந்தவாசியில் இருந்தார். இளையவர் ஐயப்பர் பூந்தமல்லியில் அமர்ந்து கரையோரப் பகுதிகளைக் கவனித்துவந்தார். பிரான்சிஸ் டே என்னும் கம்பெனி ஊழியர் இடம் தேடி வந்தபோது பேச்சுவார்த்தை நடத்தியவர் இந்த ஐயப்பரே. புதிய ஊருக்குத் தம் தந்தை சென்னப்பரின் பெயர் விளங்கவேண்டும் என்று அச்சகோதரர்கள் விரும்பியதால் சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது என்பர். அதாவது, ஆட்சியாளர் இருந்த ஊர் பூந்தமல்லி. அவர் தம் எல்லையின் ஓரத்தில், அலையடிக்கும் ஒரு துண்டு மணலை அயலாருக்குக் கொடுத்தார். அன்றைய கணக்கில் சென்னைதான் பூந்தமல்லியின் புறநகர். இதை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

பூந்தமல்லிக்கு அந்த இடம் கிடைத்தது பாதையினால். கடற்கரையிலிருந்து காஞ்சிக்கும் அதற்கப்பால் மேட்டுநிலத்துக்கும் செல்லும் பெருவழி இவ்வூரைத் தொட்டே சென்றது. இன்றும் பேருந்து நடத்துநர் கூவும் பெயர்களைக் காதுகொடுத்துக் கேளுங்கள்: குமணன்சாவடி, கரையான்சாவடி. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய சாவடிகள் போய்விட்டன. நிறுத்தங்களின் பெயராக மட்டும் எஞ்சியிருக்கின்றன. இந்தப் பெருவழியில்தான் திருக்கச்சி நம்பி பூக்களோடு காஞ்சிக்கு நடந்தார் என்கிறது வைணவ மரபு. பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து வளர்த்த மலர்களை ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த வரதராசருக்குக் கொண்டுசென்றவர். அவரைத் தம் ஆசானாக மதித்தவர் 1017இல் பக்கத்துத் திருப்பெரும்புதூரில் பிறந்த இராமாநுசர். அந்தணரல்லாத நம்பி உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று இராமாநுசர் அவரை வீட்டுக்கு அழைத்ததையும், இராமாநுசர் வெளியே சென்றிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டுபோக, மனைவியார் மிச்சத்தைப் பிறருக்குக் கொடுத்து வீட்டைக் கழுவிவிட்டதையும் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அக்கதையில் தண்ணீர் தெளித்துக் கழுவப்பட்ட அந்தத் தரையை என்னால் மறக்க இயலவில்லை. ஒரு பெரிய சமயப் புரட்சியின் தொடக்கம் அந்த ஈரத்தரையில் இருக்கிறது. பூந்தமல்லிக்குச் சற்று மேற்கே திருமழிசை. பிரம்பறுக்கும் எளியவர் ஒருவரின் வீட்டில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் ஆழ்வாரின் ஊர். இவ்விரண்டு செய்திகளும் அருகருகே அமைந்தது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. பல சாதியும் பல தொழிலும் கலந்து நடந்த வழியில் இத்தகைய மனிதர்கள் தோன்றுவது இயல்பே.

சைவர்களும் இந்நிலத்தில் குறைந்தவரல்லர். பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர்க்காரர். (தொண்டைமண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றான இதன் பெயர் இன்று கோடம்பாக்கத்தை ஒட்டிய புலியூர் என்னும் சிறு பகுதியில் ஒதுங்கிக் கிடக்கிறது.) பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழர் அவையில் அமர்ந்து அறுபத்துமூவரை எழுதியவர், தம் அண்டை ஊராரையும் மறக்கவில்லை. திருவேற்காட்டு மூர்க்க நாயனார் அடியார்க்கு அமுதளிப்பதற்காகச் சூதாடியவர். பொய்யாட்டம் ஆடியவரைச் சுரிகையால் குத்தியவர். பக்திக் காப்பியத்தில் ஒரு சூதாடிக்கு இடம் கொடுக்கத் துணிவு வேண்டும். ஆவடிக்கு அடுத்த திருநின்றவூர்ப் பூசலாரோ கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தவர். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னன், இறைவன் அந்த மனக்கோயிலுக்கே முதலில் எழுந்தருள்வதாகக் கனவில் அறிந்து நின்றவூருக்கு வந்து கோயிலைத் தேடுகிறான். அம்மன்னன் கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மன் என்று அறிஞர் கருதுவர். தலைநகரின் கல்லை ஒரு சிற்றூரின் எண்ணம் முந்திக்கொண்ட இக்கதையை எழுதும்போது குன்றத்தூர்க்காரருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றும்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய தலம். அதன் தலபுராணத்தை நான் பக்திக்கதையாக மட்டும் வாசிப்பதில்லை. புழலில் கோட்டை கட்டி வாழ்ந்த குறும்பரை அடக்கத் தொண்டைமான் படையெடுத்து வருகிறான். அவனுடைய யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்குகிறது. வாளால் கொடியை வெட்டுகிறான். உள்ளிருந்த இலிங்கத்தின்மேல் வாள் பட்டுக் குருதி பெருகுகிறது. பின்னர் இறைவன் அருளால் குறும்பரை வென்று, அவர்கள் கோட்டையிலிருந்த எருக்கந்தூண்கள் இரண்டைக் கொண்டுவந்து கோயிலில் நிறுத்துகிறான். அத்தூண்களை இன்றும் காணலாம். போருக்குத் துணை செல்லப் புறப்பட்ட நந்தி, இறைவனை நோக்காமல் கிழக்கு நோக்கி இருப்பதையும் காணலாம்.

குறும்பர் ஆடு மேய்த்த மக்கள் என்பது மரபு. முல்லைத்திணை மாந்தர். வந்தவனோ ஏரி வெட்டி, வேளாளரைக் குடியேற்றி, நெல் விளைவிக்கும் அரசின் தலைவன். ஆக, அந்த வாள் வெட்டியது ஒரு கொடியை மட்டுமன்று, ஒரு திணையை. முல்லை அழிந்து மருதம் ஆனதை நம் முன்னோர் இலிங்கத்தின்மேல் வழிந்த குருதியாக நினைவில் வைத்தார்கள் என்று கொள்ள இடமிருக்கிறது. இமயத்தின் அடிவாரம் முதல் குமரிவரை இப்பெரும் நாட்டின் வரலாறு பல இடங்களிலும் காடு கழனியான வரலாறுதானே. எங்கும் அது வெற்றிப் பாட்டாக முடியும். இங்கே தோற்றவனின் தூண்கள் கோயிலுக்குள் நிற்கின்றன. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

கழனியாக்கியது ஏரி. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் இது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்துவைத்தால் ஆண்டு முழுதும் சோறு, விட்டுவிட்டால் கடலுக்கு. ஆகவே ஒரு ஏரியின் மிச்சம் அடுத்த ஏரியின் வரத்தாகும்படி சங்கிலியாக ஏரிகளைக் கோத்தார்கள். செம்பரம்பாக்கம், புழல் என்ற பெருங்கடல்களுக்கு நடுவே பருத்திப்பட்டு, அயனம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர். இவற்றைக் காக்க ஊரார் வைத்திருந்த ஏற்பாடும் சிறிதன்று. உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. எண்ணூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் பெற்ற செங்கற்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்காக அளந்தவர் தாமஸ் பர்னார்டு. 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கெடுத்தார். ஊர்க்கணக்கர்கள் ஓலையில் எழுதிய தமிழ்க் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. விளைச்சலில் கோயிலுக்கு, கணக்கருக்கு, தச்சருக்கு, வெட்டியானுக்கு என்று பங்கு பிரியும் வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. ஏரி ஒரு பங்காளி! வருவாயெல்லாம் கம்பெனியின் கருவூலத்துக்குத் திரும்பியபின் அந்தப் பங்கு வற்றியது. பங்கு வற்றியபின் ஏரியும் தூர்ந்தது. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் ஊராரைக் கூலியில்லாமல் வேலை வாங்க அரசு முயன்றது வேறு கதை.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னகத்தின் முதல் இரயில் இந்த ஊர்களைக் கடந்தே சென்றது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ். 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1961இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை. சில ஆண்டுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஆவடி என்பதே ஆங்கில எழுத்துகளைக் கூட்டி இராணுவத்தார் வைத்த பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. 'ஆ' என்றால் பசு என்று படித்தவனுக்கு அதை நம்ப மனம் ஒப்பவில்லை. தொழிற்சாலைகளால் வேலை கிடைத்தது. பஞ்சாபியும் வங்காளியும் மலையாளியும் ஒரே குடியிருப்பில் வாழ்ந்தனர். இன்று தொழிற்பேட்டைத் தேநீர்க்கடையில் ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. இதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம், ஏரியின் சொற்கள் போனதில்தான். மடை, மதகு, கலங்கல், வரத்துக்கால், தாங்கல் ஆகியவை அகராதிக்குப் போய்விட்டன. ஐயப்பன்தாங்கலில் வசிப்பவரிடம் தாங்கல் என்றால் சிற்றேரி என்று சொன்னால் வியப்படைகிறார்.

2015 டிசம்பர் முதல் நாளிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எந்திரங்கள் பல நாள் நீரில் கிடந்தன.

அந்தப் புயலுக்குப் பின், சனவரியில், வெறுந்தாள் கொடுத்த மாணவர் என்னைத் தேடி வந்தார். மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டிருந்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததாகச் சொன்னார். மழை வலுத்த அன்று மாலையே அவருடைய பாட்டி மூட்டை முடிச்சுகளைப் பரண்மேல் ஏற்றச் சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. "'நம்ம வீடு இருக்கிறதே கலங்கல்லதாண்டா, தண்ணி இங்கதான் வரும்'னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க சார்" என்றவர், சற்றுத் தயங்கிக் கேட்டார்:

"கலங்கல்னா என்னங்க சார்?"

கரும்பலகையில் ஓர் ஏரி வரைந்தேன். கரை, மடை, மிகைநீர் வழியும் கலங்கல். அவர் தம் நோட்டில் அதைப் பார்த்து வரைந்துகொண்டார். பிறகு கலங்கலுக்குக் கீழே ஒரு சிறு சதுரம் போட்டு, தம் தெருவின் பெயரை எழுதினார்.