குளோரின் கோழி: தகராறு எதைப் பற்றியது?

பிரான்சிலும் ஜெர்மனியிலும் பிரித்தானியாவிலும் நாங்கள் வாங்கும் கோழி அமெரிக்காவிலிருந்து வருவதில்லை. 1997இலிருந்து இதுதான் நிலைமை. உரித்த கோழியைக் குடிதண்ணீரால் மட்டுமே கழுவலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அமெரிக்கக் கொல்களங்கள் கிருமிகொல்லிக் கரைசல்களால் கழுவுகின்றன. ‘குளோரின் கோழி’ என்பது பழகிப்போன பெயர். இப்போது அங்கே பெரும்பாலும் பயன்படுவது பெரசெற்றிக் அமிலம்.

கரைசல் நஞ்சு என்பதல்ல வாதம். குறித்த அளவில் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையே 2005இல் சொல்லிவிட்டது. பண்ணையிலிருந்து கொல்களம் வரை ஒவ்வொரு படியிலும் சுத்தம் வேண்டும், கடைசிக் கழுவல் முன்னைய அழுக்கை மறைக்கக் கூடாது என்பதே ஐரோப்பாவின் கவலை. முடிவில் சல்மொனெல்லா குறைந்தால் போதாதா என்று கேட்கிறது அமெரிக்கா. 2009இல் அது உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டது. விசாரணைக் குழுவுக்கு ஒப்புதல் கிடைத்தும், நடுவர்கள் நியமிக்கப்படவேயில்லை.

எங்களுக்கு ஐரோப்பாவின் நியாயமே சரியாகப் படுகிறது. ஆனாலும் 2013இல் மாட்டிறைச்சியை லக்ரிக் அமிலத்தால் கழுவ அதே ஒன்றியம் அனுமதித்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியாவும் இந்தத் தடையைக் கைவிடவில்லை. 2025 மே உடன்பாட்டில் அமெரிக்க மாட்டிறைச்சிக்கு 13,000 தொன் வரை வழிவிட்டது. கோழி விடயத்தில் அசையவில்லை.