இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

முனிர்காவில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்கு, பாபா கங்நாத் மார்க்கில் நிற்கும் தேசிய சுகாதார, குடும்பநல நிறுவனம் பெரும்பாலும் வழி சொல்லப் பயன்படும் ஓர் அடையாளம் மட்டுமே. இரண்டு நிறுவனங்களை இணைத்து 1977இல் உருவாக்கப்பட்டது அது. அவற்றுள் ஒன்றான தேசிய சுகாதார நிர்வாக, கல்வி நிறுவனத்தில் அறுபதுகளில் பணியாற்றியவர் தேவபர் பானர்ஜி. பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவம், சமுதாய நலத்திற்கான ஆய்வு மையத்தை உருவாக்கினார். அவர் டெல்லிக்கு வருவதற்கு முன், பெங்களூரில் இருந்தபோது செய்த ஓர் ஆய்வைப் பற்றியதே இப்பதிவு. மருத்துவம் என் துறையன்று. என்னை அந்த ஆய்விடம் இழுத்துச் சென்றது ஒரு சொல்.

‘விழிப்புணர்வு’ என்பது அச்சொல். பொதுச் சுகாதாரம் குறித்த எந்த அறிக்கையைப் புரட்டினாலும், எந்தத் திட்டம் தோற்றாலும், ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்ற வாக்கியம் வந்து நிற்கிறது. இலக்கணப்படி அது ஒரு விந்தையான வாக்கியம். அதில் செயலும் இல்லை, செய்தவரும் இல்லை. ஓர் இன்மை மட்டுமே உண்டு. அந்த இன்மையின் இடம் மக்கள். மருத்துவர், மருந்துக்கிடங்கு, நிதிநிலை அறிக்கை எவற்றுக்கும் அங்கே வேலையில்லை.

ஐம்பதுகளில் காசநோய் குறித்த சிந்தனையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அது நகரத்து நோய், ஆலைத் தொழிலாளரின் நோய் என்று நம்பப்பட்டது. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு, நகரத்துக்கு நிகராகச் சிற்றூர்களிலும் அந்நோய் பரவியிருந்ததைக் காட்டியது. அத்தனை பேருக்கும் படுக்கை தர எந்த அரசாலும் இயலாது. அதே காலத்தில், 1956இல், சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில் வாலஸ் ஃபாக்ஸும் அவருடைய குழுவினரும் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் தத்தம் வீடுகளில். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. சானடோரியத்தில் உணவும் ஓய்வும் மேலானவை. உடல் எடையும் அங்கேதான் கூடுதலாக ஏறியது. ஆயினும் 1959இல் வெளிவந்த முடிவுகளில் குணமடைந்தோர் விகிதம் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் வீட்டுச் சிகிச்சையால் கூடவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். (தாம்பரம் சானடோரியத்தின் பெயரை இன்று ஒரு மின்ரயில் நிலையமும் சுமக்கிறது.)

படுக்கைச் சிக்கல் தீர்ந்தது. நோயாளியை எங்கே தேடுவது? 1959இல் பெங்களூரில் உருவான தேசியக் காசநோய் நிறுவனத்தில் சமூகவியல் பணியில் இருந்த பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சனுடன் இணைந்து தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் இக்கேள்வியைத் தலைகீழாக்கினார். கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளிடம் சென்று, ‘உமக்கு என்ன தெரியும்?’ என்பதோடு நில்லாமல், ‘நீர் என்ன செய்தீர்?’ என்றும் கேட்டனர். சளியில் கிருமி இருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ சரியில்லை என்று அறிந்திருந்தனர். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அதுபற்றிக் கவலையுற்றிருந்தனர். பாதிப் பேர் ஏற்கெனவே மருத்துவமனையின் வாசலை மிதித்தவர்கள். அங்கே அவர்களுடைய சளியை எவரும் சோதிக்கவில்லை. இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பினர்.

1963இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் இம்முடிவுகள் வெளிவந்தன. இந்தியச் சமூக மருத்துவ ஆய்வின் தொடக்கப்புள்ளி எது என்று கேட்டால், குழு அறிக்கைகளை விடுத்து நான் இக்கட்டுரையையே காட்டுவேன். விழிப்புணர்வு நோயாளியிடம் இருந்தது; நிலையத்தில்தான் இல்லை என்பதை எண்களால் நிறுவிய கட்டுரை அது.

இதன் நடைமுறைப் பொருள் எளியது. தனி வண்டிகளில் ஊர் ஊராக எக்ஸ்ரே எடுத்து அலைய வேண்டியதில்லை. தானாக வரும் இருமல்காரரின் சளியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதித்தால் போதும். 1962இன் தேசியக் காசநோய்த் திட்டம் இந்த அடிப்படையில்தான் வகுக்கப்பட்டது. பெங்களூரில் அப்போது பணியாற்றிய ஹாஃப்டன் மாலர் பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். 1978இன் அல்மா ஆட்டா பிரகடனம் அவர் காலத்தது.

திட்டம் தாளில் இருந்த அளவுக்குத் தரையில் இல்லை. 1992இல் நடந்த மறுஆய்வு நிதிப் பற்றாக்குறையையும் மருந்துத் தட்டுப்பாட்டையும், சளிச் சோதனையை விட்டு எக்ஸ்ரேயை நம்பிய வழக்கத்தையும் சுட்டிக்காட்டியது. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் பதிவேடுகளில் நிலைத்த சொல் வேறு: ‘டிஃபால்டர்’. கடனைத் திருப்பித் தராதவருக்கும் மாத்திரையை நிறுத்தியவருக்கும் ஒரே பெயர். தமிழில் ‘சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்’ என்று எழுதினாலும் நிலை மாறுவதில்லை; நிறுத்தியவர் என்னும் வினையாலணையும் பெயருக்குள் எழுவாயாக நோயாளியே அமர்ந்திருக்கிறார். நிலையத்தில் மாத்திரை தீர்ந்துபோன மாதத்திலும் நிறுத்தியவர் அவரே. 2013இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் இச்சொல்லைக் கைவிட்டு, ‘தொடர்பிலிருந்து விடுபட்டவர்’ என்னும் பொருள்படும் தொடரை ஏற்றது. யாருடைய பிடியிலிருந்து விடுபட்டார் என்ற கேள்விக்கேனும் அதில் இடமுண்டு.

சென்னை ஆய்வுக்கும் ஒரு பின்கதை உண்டு. மருந்து இருந்தால் உணவு பொருட்டல்ல என்று அதைத் தட்டையாக வாசித்தவர்கள் பலர். அந்த ஆய்வு ஒப்பிட்டது இரண்டு சிகிச்சை இடங்களை; பசி ஒருவரை எப்படி நோயாளியாக்குகிறது என்பது அதன் கேள்வியே அன்று. அக்கேள்விக்கு விடை 2023இல் ஜார்க்கண்டிலிருந்து வந்தது. நோயாளியின் குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த அந்த ஆய்வில், கூடுதல் உணவுப் பொருள் பெற்ற வீடுகளில் புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. இதிலும் பங்கேற்றது சென்னையின் அதே மையம்தான். இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை இந்த வரிசையில் வைத்தே நான் வாசிக்கிறேன். நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் நோயாளியின் எடையையும் உயரத்தையும் அளக்கிறார். கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார். ஆபத்து தெரிந்தால் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்பிச் சேர்க்க வேண்டும். இங்கே கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் பணியாளர்.